கோட்டில் நிற்காத புள்ளி

எனக்கு வந்த வருத்தத்தின் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. ஹார்ட் பெயிலியர் என்றார் டாக்டர். நாற்பது வருடம் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் ரியூஷன் கொடுத்தவன் நான். என் வகுப்பில் பெயில் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க விடமாட்டேன். அதைக் கொண்டுவந்து என் நெஞ்சுக்கே வைத்துவிட்டார்களே என்று கோபம் வந்தது. இதயம் நின்றுவிடவில்லை, இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது, மருந்துக் குளிசையும் கட்டுப்பாடும் இருந்தால் கன காலம் இருக்கலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பம்பு பழுது என்று சொன்னால் போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடும்போது ஒரு ஏற்பாட்டைச் சொன்னார்கள். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போக வேண்டும். இடையில் புதன்கிழமைகளில் காலை பத்து மணிக்கு ஒரு நேர்ஸ் போனில் அழைப்பார். வாட்சப்பில் அவருடைய குரலிலேயே சின்னச் சின்னப் பாடங்கள் வரும். வீட்டில் எப்படி நிறுத்துப் பார்ப்பது, தண்ணீரை எப்படி அளந்து குடிப்பது, உப்பு எந்தெந்தச் சாப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது, காலில் வீக்கம் இருக்கிறதா என்று எப்படி அழுத்திப் பார்ப்பது, எந்த நேரத்தில் யோசிக்காமல் அவரைக் கூப்பிடுவது. புதன்கிழமை அதிலிருந்து கேள்வி கேட்பார். தமிழ் கதைக்கிற நோயாளிகள் பதினைந்து பேர் வரை சேர்ந்த ஒரு குழுவும் இருந்தது.

கேள்வி கேட்பார் என்றதும் எனக்கு உடம்பு பாதி சுகமாகிவிட்டது. பரீட்சை என்றால் நான் வேறு ஆள். செவ்வாய் பின்னேரமே அந்த வாரத்துப் பாடத்தை மூன்று தரம் கேட்டுக் குறிப்பெடுத்து, சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் குறிப்பேட்டில் தலைப்புப் போட்டு எழுதிவைப்பேன். புதன் காலை ஒன்பதரைக்கே போனை முன்னால் வைத்துக்கொண்டு சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். தொலைக்காட்சியை நிறுத்தும்படி மனைவிக்குக் கட்டளை. பக்கத்துத் தண்டவாளத்தில் தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் பத்து மணிக்குச் சத்தம் போட்டால் ரயிலுக்கும் ஏச்சு.

"சேர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி?" என்று கேட்பார் மிஸ். நேர்ஸ்மாரை இங்கே எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒண்டரை லீற்றர். தேத்தண்ணி, சொதி, ரசம், கஞ்சி, குளிசை விழுங்கிற தண்ணி எல்லாம் சேர்த்து" என்பேன்.

"கெட்டிக்காரன் சேர். இண்டைக்கு நிறை எத்தினை?"

"கிலோகிராமிலை சொல்லுறது திணிவு, மிஸ். நிறை எண்டால் நியூற்றனிலை சொல்லவேணும்."

"திணிவோ நிறையோ, எத்தினை எண்டு சொல்லுங்கோ சேர். எனக்கு இன்னும் ஏழு பேர் இருக்கினம்."

அந்தப் பிள்ளையின் குரலில் சலிப்பே வராது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்புக்கு வந்து ஏழெட்டு வருடம் என்று ஒருநாள் சொன்னார். முகத்தைக் கண்டதில்லை. கெட்டிக்காரன் என்று அவர் சொல்லும்போது எழுபத்தோரு வயதில் எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருக்கும்.

மற்றக் கட்டுப்பாடுகளை எல்லாம் நான் ஒழுங்காகவே செய்தேன் என்பதை இங்கே பதிந்துவிட வேண்டும். பப்படம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு எல்லாவற்றையும் மனைவி வீட்டை விட்டே அனுப்பினார். கறிக்கு உப்புக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி. முதல் வாரம் அந்தக் குழம்பைச் சாப்பிட்டபோது என் நாக்கு என்னோடு கோபித்துக்கொண்டது. மனைவியும் எனக்காக அதையே சாப்பிட்டார், தனக்கு வேறாக ஒரு சட்டி வைக்கவில்லை. நான் குறை சொன்னால் முறைப்பார். ஆகவே குறை சொல்லாமல் சாப்பிட்டேன். குளிசை ஒன்றுகூடத் தவறவில்லை. பிழை விட்டது ஒன்றே ஒன்றில். அதைத்தான் எல்லோரிலும் பார்க்கத் திறமாகச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

நிறுப்பதற்கு மிஸ் சொல்லித்தந்த முறை மிக எளிது. காலையில் எழும்பி, சிறுநீர் கழித்து, ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல், ஒரே மாதிரி உடுப்போடு தராசில் ஏறி, காட்டுகிற எண்ணை எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே கூப்பிட வேண்டும். கூடுவது கொழுப்பு இல்லை, தண்ணீர். மூச்சு முட்டத் தொடங்குமுன் தராசு சொல்லிவிடும், அதுதான் எங்களுக்குக் கிடைக்கிற முன்னறிவித்தல் என்றார்.

எண்ணை எழுதினால் மட்டும் எனக்குப் போதுமா? வரைபுத்தாள் வாங்கினேன். கிடை அச்சில் நாள், நிலை அச்சில் கிலோ. ஒவ்வொரு காலையும் ஒரு புள்ளி. புள்ளிகளுக்கூடாக ஒரு நேர்கோடு.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் இரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உயர்தரப் பௌதிகத்தில் செய்முறைப் பரிசோதனைகள் உண்டு. ஊசலை ஆட்டி நேரம் எடுப்பது, சுருள்வில்லில் எடைப்படி தொங்கவிட்டு நீட்சி எடுப்பது என்று. வாசிப்புகளை எடுத்து வரைபு கீறினால் புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். பழைய ஊசலும் தேய்ந்த நிறுத்தற்கடிகாரமும் வைத்துக்கொண்டு எடுத்தால் எங்கே விழும்? ஒன்றிரண்டு எங்காவது போய் நிற்கும். அப்படி விலகி நிற்கிற புள்ளியை வழு, அதாவது அளவீட்டுப் பிழை, என்று சொல்லி விட்டுவிடப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். பென்சிலால் போடு, சரிவராவிட்டால் அழிறப்பரால் அழி, கோடு நேராக வந்தால் பரீட்சையில் முழுப் புள்ளி, அதாவது முழு மார்க்ஸ். கோடு எப்படி வர வேண்டும் என்பது பரிசோதனை செய்யுமுன்னரே எங்களுக்குத் தெரியும். நான் படிக்கும்போதும் இப்படித்தான், படிப்பிக்கும்போதும் இப்படித்தான். எத்தனை தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

என் கோடு அறுபத்தெட்டில் ஓடியது. ஒருநாள் காலை தராசு அறுபத்தொன்பதரை காட்டியது. என் முதல் எண்ணம், பூச்சிய வழு. இறங்கிப் பார்த்தேன், பூச்சியம் சரியாக இருந்தது. அப்படியென்றால் தரை மட்டமில்லை. எங்கள் தொடர்மாடி வீட்டின் தரையோடுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏற்ற இறக்கம், கடற்காற்றில் எல்லாம் ஊறிப்போனவை. தராசைத் தூக்கி அறைக்குள் வைத்தேன். அறுபத்தொன்பது. சமையலறை வாசலில் வைத்தேன். அறுபத்தெட்டரை. அங்கே தராசின் ஒரு பக்கக் கால்கள் கம்பளத்தில் ஏறியிருந்தன என்பதை நான் கவனிக்க விரும்பவில்லை. மிச்ச அரையை வழு என்று விட்டு, அறுபத்தெட்டு என்று புள்ளி வைத்தேன். அன்றிலிருந்து தராசின் இடம் சமையலறை வாசல்.

"விடியக் காலமை ஏன் அதைத் தூக்கிக்கொண்டு திரியிறியள்?" என்று மனைவி கேட்டார்.

"உமக்கு விளங்காது. வாசிப்பு எடுக்கிறன்" என்றேன்.

அந்த வரைபின் படத்தைக் குழுவில் போட்டேன். ஏன் போட்டேன் என்றால், பெருமைக்குத்தான். மிஸ் ஒரு கைதட்டும் படம் அனுப்பினார். அன்று பின்னேரம் எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு வந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவர். புறக்கோட்டைக் கடைகளுக்கு முப்பது வருடம் லொறி ஓட்டியவர், என் வயதுக்காரர், எனக்கு வந்த அதே வருத்தம்.

"சார், நான் அஞ்சாவதோட ஸ்கூல விட்டவன். ஒங்க படத்தப் பாத்தேன். ரொம்ப அழகா இருக்கு. எனக்கும் அந்த மாதிரி கோடு போட சொல்லித் தருவீங்களா சார்?"

ரியூஷனை நிறுத்தி நாலு வருடமாகியிருந்தது. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உடனே பதில் அனுப்பினேன். வரைபுத்தாள் எந்தக் கடையில், என்ன பென்சில், அச்சு எப்படி, அடிமட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று அடுத்தடுத்து ஐந்து பதிவு. ஒரு கிழமைக்குள் அவர் பிடித்துவிட்டார். ஞாயிறுதோறும் வரைபைப் படம் எடுத்து அனுப்புவார். நான் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவேன். முதல் வாரம் அச்சுக்குப் பெயர் எழுதாததால் ஒன்பது. அடுத்த வாரம் பத்து. பத்துக் கிடைத்த அன்று தன் வீட்டம்மாவிடம் காட்டியதாகவும், அவர் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்ததாகவும் சொன்னார்.

அவருக்கு நான் ஆசிரியர், எனக்கு அவர் மாணவர். இருவரும் ஒரே பாடத்தைப் படிக்க வந்தவர்கள் என்பதும், அந்தப் பாடத்துக்கு வேறு ஒரு ஆசிரியை இருக்கிறார் என்பதும் எனக்கு மறந்துபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரிடமிருந்து பதிவு வந்தது. "சார், நேத்து அறுவத்திரெண்டு. இன்னைக்கு அறுவத்து மூணரை காட்டுது. மிஸ்கிட்ட சொல்லவா சார்?"

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். பாடத்திலும் அதுதான் இருந்தது, என் கொப்பியிலும் அதுதான் எழுதியிருந்தது. நான் என்ன சொன்னேன் என்பது இன்றும் என் போனில் என் குரலில் இருக்கிறது. அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"அவசரப்படாதேங்கோ. மிஸ்ஸுக்கு எத்தினை பேரைப் பாக்க இருக்கு. ஒரு புள்ளி எப்பவும் விலகி நிக்கும், அது வழு. தராசை இடம் மாத்தி வைச்சு இன்னொருக்கா நிறுங்கோ. அப்பவும் கூடக் காட்டினால் அந்தப் புள்ளியை அழிச்சுப்போட்டு நாளைக்குப் பாருங்கோ."

"சரிங்க சார்" என்று வந்தது.

அந்த ஞாயிறு வந்த படத்தில் கோடு நேராக இருந்தது. ஆனால் கோட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் தாள் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தது. அழிறப்பரால் அழுத்தித் தேய்த்த அடையாளம். பத்துக்கு ஒன்பது, சுத்தமாக அழிக்கவும் என்று எழுதி அனுப்பினேன். மன்னிக்கச் சொல்லி ஒரு கும்பிடுகிற படம் வந்தது.

இதற்கிடையில் என் செருப்பு வார் இறுகத் தொடங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் இரண்டு தலையணை மூன்றாகியது. புதன்கிழமை மிஸ் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டபோது, கொஞ்ச நேரம் காலைத் தொங்கப்போட்டு இருந்தது காரணமாக இருக்கலாம் என்று நினைத்து, இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்று இப்போதும் என் மனது வாதாடுகிறது. சரியான விடை எது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொன்னேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மூச்சு வரவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் இரண்டு எழுத்துக்கு மேல் குரல் போகவில்லை. அம்புலன்ஸ் வந்து, ஒக்சிஜன் பூட்டி, ஆஸ்பத்திரியில் ஏற்றினார்கள். அங்கே கட்டிலோடு சேர்த்து நிறுக்கிற தராசு ஒன்று இருந்தது. என் வரைபைவிட அது ஐந்து கிலோ கூடக் காட்டியது. ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை காலை மனைவி கஞ்சியோடு வந்திருந்தபோது அவருடைய போனுக்கு மிஸ் அழைத்தார். வார்ட்டில் இருந்து மிஸ்ஸுக்குச் செய்தி போயிருந்தது.

"சேர், நீங்கள் அனுப்பின வரைபைப் பாத்துக்கொண்டிருக்கிறன். நேராத்தானே இருக்கு. வீட்டுத் தராசு பழுதோ?"

"அப்பிடித்தான் இருக்கவேணும் மிஸ்" என்றேன். மூக்கில் குழாயோடு இருந்துகொண்டும் தராசில் பழி போட்டேன்.

மனைவி போனை வாங்கினார். "தராசு சரியாத்தான் இருக்குது மிஸ். இவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிஞ்சவர். எங்கை குறையக் காட்டுதோ அங்கை வைச்சு எழுதுவார். கேட்டால் எனக்கு விளங்காதாம்."

போன் என் கைக்குத் திரும்பி வந்தது. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். "ஏன் சேர் எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். "கூடினால் கூடட்டும், அதைக் கேக்கத்தானே நான் இருக்கிறன். உங்களுக்கு மார்க்ஸ் போட நான் போன் எடுக்கிறதில்லை."

மனைவி போன பிறகு வார்ட்டில் தேத்தண்ணி வந்தது. கோப்பையைக் கையில் எடுக்கும்போதுதான் கொட்டாஞ்சேனைக்காரரின் ஞாபகம் வந்தது. மிஸ்கிட்ட சொல்லவா சார். அழிச்சுப்போட்டு நாளைக்குப் பாருங்கோ. கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன்.

அப்போது நேரம் பத்தரை இருக்கும். உடனே செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். வார்ட் மேசைக்குப் போய், அல்லது பக்கத்துக் கட்டில்காரரின் போனைக் கேட்டு வாங்கி, கிளினிக்குக்கு எடுத்து, மிஸ்ஸைக் கூப்பிட்டு, இன்னொருவருக்கும் நான் இப்படிச் சொல்லிவைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. என் போன் வீட்டில் கிடக்கிறது, நம்பர் மனப்பாடமில்லை என்று எனக்கே காரணம் சொன்னேன். புதன்கிழமை டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள், வீட்டுக்குப் போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, முந்திச் சொன்னதை விடுங்கோ, மிஸ்ஸிடம் கேளுங்கோ என்று சொல்லிவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் காரியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு காலையில் இரண்டு தரம் அந்தப் பிள்ளையிடம் அவமானப்பட என்னால் முடியவில்லை. கொட்டாஞ்சேனைக்காரரின் உயிரும் என் மானமும் ஒரே தராசில் இருந்தன, நான் மானத்தின் பக்கம் கையை வைத்து அழுத்தினேன். இதைவிட நல்லமாதிரி இதைச் சொல்ல எனக்கு வழியில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு நோயாளர் பார்க்கும் நேரத்தில் மனைவி என் போனையும் கொண்டுவந்து தந்தார். திறந்தேன். ஞாயிறு காலை வந்த படம் இருந்தது. கோடு நேராக, அடிமட்டம் வைத்தபடி. அதற்குக் கீழே ஒரு குரல்பதிவு. அழுத்திக் காதில் வைத்தேன்.

"சார், இந்த வாரம்... சுத்தமா அழிச்சிருக்கேன்... பத்து கெடைக்குமா சார்?"

ஒரு சின்ன வசனத்துக்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுத்தார். சனிக்கிழமை காலை என் தொண்டையில் இருந்து வந்த மூச்சு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதே மூச்சு. அவருக்குப் போன் எடுத்தேன், மணி அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. மிஸ்ஸுக்கு எடுத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அது புதிது.

"எத்தினை நாளா இப்பிடி அழிக்கிறார்?" என்று கேட்டார் மிஸ்.

"பத்து நாளா."

"வைக்கிறன் சேர்" என்றார். வழக்கமாக, கவனமாயிருங்கோ என்று சொல்லித்தான் வைப்பார்.

மறுநாள் மத்தியானம்தான் தகவல் வந்தது. மிஸ் கொட்டாஞ்சேனைக்காரரின் வீட்டம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்து, அம்புலன்ஸுக்கும் தானே சொல்லியிருக்கிறார். மூன்று இரவாக அவர் படுக்க முடியாமல் கதிரையில் இருந்துதான் நித்திரை கொண்டிருக்கிறார். ஏற்றிக்கொண்டு போகும்போது உதடு நீலம். அவசர சிகிச்சைப் பிரிவில், மூச்சுக்கு இயந்திரம். இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் மிஸ்.

என்னைப் புதன்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், பயந்துபோய் இருந்தேன். போன் அடித்தால் மனைவியை எடுக்கச் சொல்வேன். சாப்பாடு இறங்கவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதர், நான் சொன்னேன் என்பதற்காக, தன் உடம்பு சொன்னதை ஒவ்வொரு காலையும் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார் என்ற நினைப்பு எந்த வேலையின் நடுவிலும் வந்து நின்றது.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை" என்றார் மனைவி, மூன்றாம் நாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் திங்கக்கிழமை காலமையே உங்களுக்கு ஞாபகம் வந்திட்டுது, என்ன?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவர். தலையை ஆட்டினேன். அவர் எழும்பிப் போய் அடுப்பை மூட்டினார்.

ஐந்தாம் நாள் இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள் என்று மிஸ் சொன்னார். பிறகு வார்ட்டுக்கு மாற்றினார்கள், பிறகு வீடு. நெஞ்சு இன்னும் கொஞ்சம் பலம் இழந்துவிட்டது, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது, மேல்மாடியில் இருக்கிற தன் வீட்டுக்கு ஏற முடியாததால் கீழே இருக்கிறவர்கள் தந்த முன்னறையில் படுக்கிறார் என்றும் சொன்னார். அதோடு என்னிடம் ஒன்றும் கேட்டார்.

"குழுவிலை மற்ற ஆக்களுக்கும் இது தெரியவேணும் சேர். நான் சொன்னால் பாடம். நீங்கள் சொன்னால்தான் கேப்பினம். ஒரு நிமிசப் பதிவு காணும்."

அந்த ஒரு நிமிடத்தைப் பதிவுசெய்ய எனக்கு ஒரு முழுக் காலை போனது. முதலில் எடுத்ததெல்லாம் விளக்கமாக வந்தது. வழு என்றால் என்ன, தரை எப்படி இருந்தது, நான் எப்படி நினைத்தேன் என்று. எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் இப்படிச் சொன்னேன். நான் ஒரு ரீச்சர். தராசு கூடக் காட்டின நாளிலை அதைப் பிழையெண்டு எழுதாமல் விட்டன். இன்னொரு ஆளையும் விடச் சொன்னன். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனம். தராசு என்ன காட்டுதோ அதை எழுதுங்கோ. கூடினால் மிஸ்ஸைக் கூப்பிடுங்கோ, என்னைப் போல ஆக்களைக் கேக்காதேங்கோ.

குழுவில் நிறையப் பேர் நன்றி என்று போட்டார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒன்றும் வரவில்லை. கேட்டிருக்கிறார் என்பதற்கு அடையாளமாக அந்த நீலச் சரிக் குறி மட்டும் விழுந்தது.

இரண்டு நாள் பொறுத்து நானே அழைத்தேன். எப்படிச் சொல்வது என்று ஒரு துண்டில் எழுதிவைத்திருந்தேன். அவர் குரலைக் கேட்டதும் துண்டைப் பார்க்கவில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன். இன்னுமொண்டு சொல்லவேணும். திங்கக்கிழமை காலமையே எனக்கு உங்கடை ஞாபகம் வந்தது. வெக்கத்திலை பின்னேரம் வரைக்கும் வாயைத் திறக்கேல்லை."

அவர் பக்கத்தில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. வீதியோடு ஒட்டிய அறை போலிருக்கிறது.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா" என்றார் பிறகு. "அந்தப் புள்ளி சரின்னு எனக்குத் தெரியும் சார். முப்பது வருசம் லொறி ஓட்டுனவன். பாரம் ஏறிச்சுன்னா ஒக்காந்த ஒடனே தெரியும். மேல ஏறி வர்றப்போ காலு சொல்லுச்சு, நெஞ்சு சொல்லுச்சு. மொத நாளு அழிக்கையில கையி வரல. வீட்டம்மாகூட கேட்டுச்சு. சார் படிச்சவங்க, சார் சொல்றதுதான் சரியா இருக்கும்னு சொல்லிட்டு அழிச்சேன்."

இவருடைய உடம்பு என்னைவிடத் தெளிவாகக் கதைத்திருக்கிறது. நான் குறுக்கே நின்றேன். நான் வகுப்பில் வழு என்று சொன்னபோது தலையாட்டிய எத்தனை பிள்ளைகள், தங்கள் கண்ணால் பார்த்த வாசிப்பை எனக்காக அழித்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்தேன். ஒருவருடைய பெயரும் ஞாபகம் வரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்று அவர் தொடர்ந்தார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் நடுவில் நிற்கவில்லை. "இனிமே ஒங்ககிட்ட கேக்க மாட்டேன். எதுனாலும் மிஸ்கிட்டயே கேட்டுக்கிறேன். ஞாயித்துக்கெழம படமும் அனுப்ப மாட்டேன் சார்."

"அப்பிடித்தான் செய்யவேணும்" என்றேன்.

போனை வைத்த பிறகு கன நேரம் அழுதேன். எனக்கு அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனால் அன்று ஒரு சின்ன வசனத்துக்குள் இரண்டு தரம் மூச்சுக்கு நின்றவர், அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார்.